புரதம் 14 நாள், கோப்பு 75 வருடம்

இந்தியாவில் ஏறக்குறைய யாருக்குமே போடாத எம்ஆர்என்ஏ கொரோனா ஊசியின் புரதம் இந்தியர்களின் உடம்பில் எத்தனை வருடம் தங்கும் என்பதுதான் நம் குடும்ப வாட்ஸப் குழுக்களின் தலையாய கவலை. ஃபைசர் கம்பெனி 2021 பிப்ரவரியில் தன் விண்ணப்பத்தையே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டது. மாடர்னாவுக்கு அந்த ஜூனில் அனுமதி கிடைத்தது. ஊசிதான் வந்து சேரவில்லை. புனேயின் ஜென்னோவா கம்பெனி உள்நாட்டு எம்ஆர்என்ஏ ஊசி ஒன்றுக்கு 2022 ஜூனில் அனுமதி பெற்றது. அதைப் போட்டுக்கொண்டவர் உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் கூப்பிட்டு மாலை போடலாம். ஆனால் பெரியப்பாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

“தம்பி, அந்த எம்ஆர்என்ஏ ஊசி உள்ள போயி ஸ்பைக் புரதத்த உண்டாக்கி, அது ரெண்டு வருசமா ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்குதாமே?”

“நீங்க போட்டது கோவாக்சின், பெரியப்பா.”

“அதத்தான் நானும் சொல்றேன். எத்தன பேருக்குச் சொல்லாமலே போட்டுட்டானுங்க பாரு.”

கோவாக்சின் என்பது கொல்லப்பட்ட வைரஸ். ஆய்வகத்தில் வளர்த்து, ரசாயனத்தில் சாகடித்து, 6 மைக்ரோகிராம் அளவில் தோளில் ஏற்றினார்கள். அது நம் செல்களுக்கு எந்த உத்தரவும் போடுவதில்லை. கோவிஷீல்டு வேறு ரகம். சிம்பன்சிகளிடம் காணப்படும் அடினோவைரஸ் ஒன்றைப் பெருக முடியாதபடி முடக்கி, அதற்குள் ஸ்பைக் புரதத்துக்கான மரபணுவை வைத்து அனுப்பினார்கள். அது செல்லுக்குள் போய், செல்லைக் கொண்டே ஸ்பைக்கைச் செய்ய வைக்கும். நாட்டில் போட்ட 220 கோடி டோஸில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். ஆகவே, ஊசி போட்டதால் உடம்பு தானே செய்துகொண்ட புரதம் எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி நம்மில் பலருக்கும் உண்டு. இலங்கையில் பூஸ்டராக ஃபைசர் போட்டுக்கொண்டவர்களுக்கும், சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அது இன்னும் நேரடியான கேள்வி. பெரியப்பாவுக்குத்தான் இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பவரோ அவர் ஒருவர்தான்.

கேள்வியில் தப்பே இல்லை. தன் தோளில் குத்தியது உள்ளே என்ன செய்கிறது, எப்போது போகும் என்று கேட்பது ஒரு குடிமகனின் சாதாரண உரிமை. அப்படிக் கேட்டவர்களையெல்லாம் 2021-ல் ‘விஞ்ஞான விரோதி’ என்று முத்திரை குத்தியவர்கள்தான் இந்தக் கூத்துக்கு முதல் கொட்டகை போட்டவர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடக்கத்தில் நாகரிகமாகத்தான் எழுதியிருந்தது. எம்ஆர்என்ஏ சில நாளில் சிதைந்துவிடும், ஸ்பைக் புரதம் சில வாரம் வரை இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள் என்பது அதன் சாரம். அதில் ஒரு ‘மதிப்பிடுகிறார்கள்’ இருந்தது, ஒரு ‘இருக்கலாம்’ இருந்தது. தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்து சேருவதற்குள் இரண்டும் உதிர்ந்து, “ஒண்ணுமே தங்காது சார், எல்லாம் ரெண்டு நாள்ல போயிடும்” என்று ஆகிவிட்டது.

எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. பாஸ்டனில் மாடர்னா போட்டுக்கொண்ட 13 சுகாதாரப் பணியாளர்களின் ரத்தத்தை அடுத்தடுத்து எடுத்து 2021-லேயே பார்த்தார்கள். 11 பேரிடம் ஸ்பைக்கின் ஒரு துண்டு அகப்பட்டது. முதல் நாளிலேயே தெரிய ஆரம்பித்து, 14-ம் நாளுக்குள் எல்லாரிடமும் அளவிட முடியாத நிலைக்கு இறங்கிவிட்டது. உச்ச அளவின் சராசரி மில்லிலிட்டருக்கு 68 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிக் கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறுதான் பிக்கோகிராம். லட்சம் கோடி என்ற எண்ணை ஊழல் செய்திகளுக்கு வெளியே நாம் சந்திக்கிற அபூர்வமான இடம் இது. முழுப் புரதம் 3 பேரிடம் மட்டும், சராசரியாக 15-ம் நாளில் தென்பட்டது. இரண்டாம் டோஸுக்குப் பிறகு அந்தத் துண்டு யாரிடமும் சிக்கவில்லை. முதல் டோஸில் உருவான ஆன்டிபாடிகள் அதைக் கையோடு பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

2022-ல் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் ரத்தத்தோடு நிற்காமல் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் பார்த்தார்கள். இரண்டாம் டோஸ் போட்டு 60 நாள் ஆன பிறகும் அங்கே ஊசியின் எம்ஆர்என்ஏ இருந்தது, ஸ்பைக்கும் இருந்தது. ‘ரெண்டு நாள்’ வசனம் அன்றே செத்தது. சொல்லி அனுப்பத்தான் ஆளில்லை. நிணநீர்க் கணுவில் அது இருப்பதில் பதற ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி செய்யும் செல்கள் அங்கேதான் எதிரியின் வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகுகின்றன. பழகும்வரை வடிவம் அங்கே இருந்தாக வேண்டும். டென்மார்க்கில் ஊசியின் எம்ஆர்என்ஏ துண்டுகளை 28-ம் நாள் ரத்தத்திலும் கண்டார்கள். செல்கள் வெளியே தள்ளும் நுண்ணிய கொழுப்புப் பைகளின் மேல் ஸ்பைக் ஒட்டிக்கொண்டிருந்ததை நான்கு மாதம் வரை கண்டதாக இன்னொரு சிறு ஆய்வு சொன்னது. எம்ஆர்என்ஏ இயல்பில் சீக்கிரம் அழிவது. அதன் எழுத்துகளில் ஒன்றை மாற்றினால் உடம்பு அதைப் பார்த்துக் கொந்தளிக்காது, புரதமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று கண்டுபிடித்ததற்காகத்தான் காரிகோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023-ல் நோபல் கொடுத்தார்கள். நன்றாக வேலை செய்வதற்கென்றே திருத்திய எம்ஆர்என்ஏ நாம் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டது என்பதில் சதி எதுவும் இல்லை.

ஆக, 2022 முடியும் முன்பே நேர்மையான பதில் கையில் இருந்தது. பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் இரண்டு, மூன்று வாரம். நிணநீர்க் கணுவில் இரண்டு மாதம் வரையாவது. சிலரிடம் இன்னும் நீளலாம், அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். இவ்வளவுதான். இதை ஏன் மைக்கைப் பிடித்துச் சொல்லவில்லை? மக்கள் பயந்துவிடுவார்களாம். தட்டைத் தட்டச் சொன்னபோது தட்டியவர்கள், விளக்கை ஏற்றச் சொன்னபோது ஏற்றியவர்கள், ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்றவர்கள், ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்று யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு கட்டினார்கள். ஊசி உயிரைக் காத்தது. முதல் ஓராண்டில் உலகம் முழுக்க 1.4 கோடிக்கும் மேற்பட்ட சாவுகளைத் தடுத்தது என்பது லான்செட் இதழ்க் குழுமம் வெளியிட்ட கணக்கு. அப்பேர்ப்பட்ட ஊசியை விற்கப் பொய் எதற்கு? அரைப் பொய்யாவது எதற்கு?

அரசாங்கம் விட்ட அந்த இடைவெளியில்தான் 709 வந்து உட்கார்ந்தது.

2025 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகத்துக் குழு ஒரு வரைவை வெளியிட்டது. ஊசிக்குப் பிறகு மாதக்கணக்கில் சோர்வு, மூளை மந்தம், உடம்பெல்லாம் ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று அவதிப்பட்ட 42 பேரை 22 ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டார்கள். அவதிப்பட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தில் ஸ்பைக் கூடுதலாக இருந்தது. தொற்று வந்த தடயம் இல்லாத சிலரிடமும் அது இருந்தது. ஊசி போட்டு 709-ம் நாள்கூட அகப்பட்டது. சக விஞ்ஞானிகள் இன்னும் சரிபார்க்காத வரைவு இது, எண்ணிக்கை சிறிது, வேறு குழுக்களும் செய்து பார்த்தாக வேண்டும் என்று எழுதியவர்களே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்கள். பிறகு அந்த எண் பயணம் கிளம்பியது. அட்லாண்டிக்கைத் தாண்டும்போது ‘வரைவு’ கடலில் விழுந்தது. துபாயில் ‘சிலரிடம்’ இறங்கிக்கொண்டது. தாம்பரம் வந்து சேரும்போது, “ஊசி போட்ட எல்லாருடைய உடம்பிலும் சாகும்வரை ஸ்பைக் சுரந்துகொண்டே இருக்கும், இதை மறைக்கிறார்கள், 10 பேருக்கு அனுப்புங்கள்” என்று முழு வளர்ச்சி அடைந்திருந்தது. ‘இருக்கலாம்’ என்பதை வெட்டி எறிந்த அதிகாரிக்கும், ‘சிலரிடம்’ என்பதை வெட்டி எறிந்த ஃபார்வர்டு வீரருக்கும் கத்தி ஒன்றுதான். ஒருவருக்கு அரசுச் சம்பளம், இன்னொருவர் இலவசச் சேவை, வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ஃபார்வர்டு வீரர்களிடம் இன்னொரு விசேஷம். ஊசி செய்த ஸ்பைக்கைக் கண்டால் நடுங்குவார்கள்; கொரோனா வைரஸ் கொண்டுவந்த ஸ்பைக்கைப் பற்றிக் கேட்டால் அது ‘இயற்கை’ என்பார்கள். அமெரிக்காவில் கொரோனாவோடு இறந்த 44 பேரின் உடல்களைத் திறந்து பார்த்த ஆய்வு 2022 டிசம்பரில் வெளிவந்தது. மூளை உட்பட உடம்பின் பல இடங்களில் வைரஸின் ஆர்என்ஏ இருந்தது. ஒருவரிடம் தொற்று வந்து 230-ம் நாளிலும் இருந்தது. நீண்ட கோவிட் நோயாளிகள் பலரின் ரத்தத்தில் ஒரு வருடம் வரை ஸ்பைக்கைக் கண்டிருக்கிறார்கள், அதுவும் முன்பு சொன்ன அதே பாஸ்டன் ஆய்வகத்தின் கருவியால். வைரஸ் ஸ்பைக்கோடு மட்டும் வருவதில்லை. இருபதுக்கும் மேற்பட்ட வேறு புரதங்களோடும், தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் சாமர்த்தியத்தோடும் வருகிறது. அதற்கு ‘டிடாக்ஸ்’ வேண்டாமாம், ஊசிக்குத்தான் வேண்டுமாம்.

டிடாக்ஸ் என்றதும் வியாபாரிகளைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க இதயநோய் மருத்துவர் பீட்டர் மெக்கல்லா ஊசியின் ஸ்பைக்கை உடம்பிலிருந்து துரத்த மூன்று சரக்குகளைப் பரிந்துரைத்துக் கட்டுரை எழுதினார். அவர் முதன்மை அறிவியல் அதிகாரியாக இருக்கும் கம்பெனியே ஸ்பைக் டிடாக்ஸ் மாத்திரை விற்கிறது. எவ்வளவு வசதி பாருங்கள்: நோயின் பெயரும் அவரே, மருந்துச் சீட்டும் அவரே, கடையும் அவர் இருக்கும் கடையே. மூன்றில் ஒன்று நாட்டோகைனேஸ். ஜப்பானில் சோயாவைப் புளிக்க வைத்துச் சாப்பிடும் நாட்டோவிலிருந்து எடுப்பது. இரண்டாவது புரோமெலைன், அன்னாசிப் பழம். மூன்றாவது குர்குமின். ஆமாம், மஞ்சள்தான். ஈரோட்டில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிற அதே மஞ்சளின் சத்தை டப்பாவில் அடைத்து, டாலர் விலை ஒட்டி, ஈரோட்டுக்காரரின் அமெரிக்க மருமகளுக்கே விற்கிறார்கள். நாட்டோகைனேஸ் ஸ்பைக்கைச் சிதைத்தது என்பதற்கு ஆதாரம் ஆய்வகத் தட்டில் செல்களை வைத்துச் செய்த சோதனை. தட்டில் வைத்தால் பினாயில்கூடப் புரதத்தைச் சிதைக்கும். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணம் உடையது. ஏற்கெனவே ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி இதையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு அபாயம் உண்டு என்பதை எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை.

அமெரிக்காவை மட்டும் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. 2021 பிப்ரவரியில் பதஞ்சலியின் கொரோனில் மேடை ஏறியபோது பக்கத்தில் நின்றவர் நாட்டின் சுகாதார அமைச்சர், அவரும் ஒரு டாக்டர். இலங்கையில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி ஆற்றில் மந்திரப் பானையை விட்டார், ஒரு மாந்திரீகர் காய்ச்சிய தேன் பாணியைக் குடித்தார், 2021 ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது. பாணியின் புரதம் எத்தனை நாள் தங்கியது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இந்தச் சந்தைக் கூச்சலில் உண்மையான பாதிப்பு இரண்டும் காணாமல் போகின்றன. அவை இருக்கின்றன, அளந்தும் இருக்கிறார்கள்.

ஒன்று, எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு வரும் இதயத் தசை அழற்சி. பெரும்பாலும் பையன்களுக்கு, இரண்டாம் டோஸுக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள். அமெரிக்காவில் ஃபைசர் இரண்டாம் டோஸ் போட்ட 16, 17 வயதுப் பையன்களில் 10 லட்சம் டோஸுக்கு ஏறத்தாழ 106 என்று கணக்கிட்டார்கள். இப்படிப் பாதித்த 16 இளைஞர்களின் ரத்தத்தை, ஊசி போட்டும் நலமாக இருந்த 45 பேரின் ரத்தத்தோடு பாஸ்டனில் ஒப்பிட்டு 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். பாதித்தவர்களிடம் ஆன்டிபாடி எதுவும் பிடிக்காத முழு ஸ்பைக் தனியாகத் திரிந்துகொண்டிருந்தது, மில்லிலிட்டருக்குச் சராசரியாக 34 பிக்கோகிராம். நலமானவர்களிடம் அது இல்லை. அந்த ஸ்பைக்தான் இதயத்தைத் தாக்கியதா, அல்லது வேறு ஏதோ நடந்ததன் அடையாளமா என்பது அடுத்த கேள்வி. ஆனால் எத்தனை நாள் என்பதைவிட யாருக்கு, எந்த நிலையில் என்பதுதான் கேட்க வேண்டியது என்று காட்டிய ஆய்வு அது. ஸ்வீடனும் பின்லாந்தும் 2021 அக்டோபரிலேயே இளைஞர்களுக்கு மாடர்னாவை நிறுத்தி வைத்தன. அடுத்து வந்த குளிர்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் அதே வயதுப் பையன்களிடம் பூஸ்டர் சான்றிதழைக் காட்டினால்தான் வகுப்பு என்றன.

இன்னொன்று, நம்மூரில் கோவிஷீல்டு என்று போட்ட அஸ்ட்ராஜெனகா ஊசிக்குப் பிறகு வரும் ரத்த உறைவு. தட்டணுக்கள் குறைந்துகொண்டே ரத்தமும் உறையும் விசித்திரமான, மிக அரிதான கோளாறு. பிரிட்டனின் கணக்கில் 50 வயதுக்குக் கீழே 50,000 பேரில் ஒருவர் அளவுக்கு. ஊசி போட்டு நான்கு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வருவது. தட்டணுக்களின் ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி செய்துகொள்வதுதான் காரணம் என்று 2021 ஏப்ரலிலேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். ஸ்பைக் எத்தனை நாள் தங்கியது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. 2024-ல் லண்டன் நீதிமன்ற ஆவணத்தில் கம்பெனி இதை ஒப்புக்கொண்டது என்ற செய்தி வந்ததும் நம் தொலைக்காட்சிகள் ஏதோ புதையல் கிடைத்ததுபோல் மூன்று நாள் கத்தின. 2021-ல் ஊசி போட்டவர்கள் 2024-ல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள். அந்த ஆறு வாரம் முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது என்று கத்தியவர்களில் ஒருவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் விளம்பர இடைவேளைக்கு ஆள் நிற்காதே.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஃபைசர் ஊசிக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் முழு அனுமதி கொடுக்க, விண்ணப்பம் வந்ததிலிருந்து நான்கு மாதம்கூட எடுக்கவில்லை. அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆவணங்களைக் காட்டுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். மாதம் 500 பக்கம் தருகிறோம் என்றது நிர்வாகம். இருக்கிற பக்கத்தை 500-ஆல் வகுத்தால் 55 வருடம் வந்தது. பிறகு இன்னும் பக்கங்கள் இருக்கின்றன என்றார்கள், கணக்கு 75 வருடத்தைத் தொட்டது. பாஸ்டன் கணக்கில் ஸ்பைக் துண்டு உங்கள் ரத்தத்தை விட்டு 14 நாளில் போய்விடும், ஆனால் அதைப் பற்றிய காகிதம் உங்கள் பேரன் பென்ஷன் வாங்கும்போது வரும். டெக்சாஸ் நீதிபதி ஒருவர் 2022 ஜனவரியில் மாதம் 55,000 பக்கம் கொடு என்று உத்தரவிட்டபோது கொடுக்க முடிந்தது. முடியாது என்பதும் முடியும் என்பதும் ஒரு நீதிபதியின் பேனா தூரத்தில்தான் இருந்திருக்கின்றன. உலகத்தின் சந்தேகப் பிராணிகள் அனைத்துக்கும் பல வருடத் தீனியை ஒரே கடிதத்தில் போட்ட புண்ணியம் அந்த நிர்வாகத்தையே சேரும். அதன் பலனாக வந்தவர்தான் இன்றைய அமெரிக்க சுகாதார அமைச்சர் கென்னடி. 2025 ஆகஸ்டில் அவர் 22 எம்ஆர்என்ஏ ஆய்வுத் திட்டங்களுக்கான ஏறத்தாழ 50 கோடி டாலரை வெட்டினார். மின்னசோட்டாவில் எம்ஆர்என்ஏ ஊசியைப் பேரழிவு ஆயுதமாக அறிவிக்க மசோதாவே கொண்டுவந்தார்கள். புரதம் எத்தனை நாள் தங்கும் என்று கவலைப்பட்டவர்கள், அடுத்த ஊசியில் அதைக் குறைக்க வழி தேடக்கூடிய ஆய்வுத்துறையின் கழுத்தையே நெரித்துவிட்டு வெற்றி விழா கொண்டாடுகிறார்கள்.

நம் ஊர்க் கதையில் 75 வருடக் கோப்புகூட இல்லை, ஒரு பிரமாணப் பத்திரம்தான். 2021-ல் கோவிஷீல்டு போட்ட பிறகு மகள்களை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 நவம்பரில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பதிலில், ஊசி போட்டுக்கொள்ளச் சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இழப்பீட்டுக்கு அரசைப் பொறுப்பாக்க முடியாது, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று இருந்தது. கட்டாயம் இல்லையாம். 2021 செப்டம்பரில் நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடையில் ஒரு குவார்ட்டர் வாங்கவே ஊசிச் சான்று கேட்டார்கள். அந்த டிசம்பரில் மதுரையில் ஊசி போடாதவர்களுக்குப் பொது இடங்களில் அனுமதி இல்லை என்றார் ஆட்சியர். சரக்கு வாங்கக் கட்டாயம், சாப்பாட்டுக் கடைக்குக் கட்டாயம், கல்யாண மண்டபத்துக்குக் கட்டாயம்; மகள் செத்துப்போனால் மட்டும் விருப்பம். இந்த வாக்கியத்தைப் பிரமாணப் பத்திரத்தில் தட்டச்சு செய்த கை ஒரு நிமிடமாவது நடுங்கியதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வெளிநாட்டில் கொட்டிக் கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் இழப்பீடு 1,20,000 பவுண்டு. ஆனால் 60 சதவீத ஊனம் நிரூபணம் ஆக வேண்டும். 59 சதவீதம் முடங்கியவர் போய் இன்னொரு சதவீதம் முடங்கிவிட்டு வரலாம். அமெரிக்காவில் மனுக்கள் பத்தாயிரத்தைத் தாண்டின. 2024 வரை பணம் கைக்கு வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை.

ஆராய்ச்சி செய்து உண்மையைக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சிலர் முயன்றார்கள். கோவாக்சின் போட்ட 926 பேரை விசாரித்து, மூன்றில் ஒருவர் அளவுக்கு ஏதோ ஒரு பிரச்சினையைச் சொன்னதாக 2024-ல் எழுதினார்கள். பலவீனமான ஆய்வு. ஊசி போடாதவர்களோடு ஒப்பிடவே இல்லை. தொலைபேசியில் கேட்டு எழுதியது. பலவீனமான ஆய்வுக்கு மறுமொழி பலமான ஆய்வு என்பதுதான் விஞ்ஞானத்தின் வழக்கம். இங்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதியது. கோவாக்சினைச் செய்த பாரத் பயோடெக் 5 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டது. கட்டுரை திரும்பப் போனது. கடிதம் எழுதிய கழகம் கோவாக்சின் விற்பனையில் 5 சதவீத ராயல்டி பெற்ற பங்காளி என்பதை இங்கே சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஒழுங்கான ஆய்வும் நடந்தது என்பதை மறைத்தால் நானும் அந்தக் கத்திக்காரர்களோடு சேர்ந்துவிடுவேன். சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் தலைமையில் 47 மருத்துவமனைகளில், 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரை, 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். ஊசியால் ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிய குடி, கடுமையான உடற்பயிற்சி ஆகியவற்றுக்குத்தான் தொடர்பு தெரிந்தது. 2023-ல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து, ஹாசன் மாவட்டத்தில் மாரடைப்புச் சாவுகள் என்றதும் கர்நாடக முதல்வரே ஊசியின் மேல் சந்தேகக் கல்லை எறிந்தார். ஆய்வின் முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊர் ஊராகச் சொல்ல எந்த அரசும் ஆள் போடவில்லை. நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாளில் 2021 ஏப்ரலில் காலமானபோது என்ன நடந்தது? ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற விசாரணை முடிவு அக்டோபரில் வந்தது. நடுவில் இருந்த அந்த ஆறு மாதத்தை யார் குத்தகைக்கு எடுத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

நடுவில் மாட்டியிருப்பது, ஊசிக்குப் பிறகு நிஜமாகவே எழுந்து நடக்க முடியாமல் போன சொற்பப் பேர். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் சுத்தம், “மனசுதாம்மா காரணம், நல்லா தூங்குங்க” என்று அனுப்புவார்கள். வெளியே வந்தால் பெரியப்பா, “நான் அப்பவே சொன்னேனா இல்லியா” என்று மஞ்சள் மாத்திரைக்கான லிங்க் அனுப்புவார். இந்த இருவருக்கும் நடுவே ரத்தத்தை எடுத்து, பிக்கோகிராமை எண்ணி, இது ஸ்பைக்கா, வேறு நோயா என்று சொல்ல அவர்களுக்கு ஒரு இடம் வேண்டும். யேல்காரர்கள் செய்தது அதுதான்: நோயாளி சொன்னதை நம்பி ஊசியைக் கையில் எடுத்தார்கள்.

நம் நாட்டில் அதற்கும் வழிமுறை உண்டு. அரசு சொன்னபடி சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே ஆதாரம் கேட்பார்கள். ஆதாரத்துக்கு ஆய்வு வேண்டும். ஆய்வு செய்யத் துணிந்த பேராசிரியர் 5 கோடியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மனுவோடு ஊசிச் சான்றிதழை இணைக்க மறக்கக் கூடாது. 2021-ல் இறக்கிய பிரதியாக இருப்பது உத்தமம். அதில் பிரதமரின் படம் இருக்கிறது. எதிர்மனுதாரரை அடையாளம் காட்ட உதவும்.